ஜாதிக்காய்த் தோட்டத்து நிவாரணம்

வெள்ளம் வடிந்து அக்கா தன் வீட்டுக்குத் திரும்பிய அன்று நானும் கூடப் போனேன். மட்டாஞ்சேரியில் பஸ் ஏறி, இடப்பள்ளியில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்துப் பெரியாற்றங்கரைக்குப் போக வேண்டும். வழி நெடுக அவள் வாய் திறக்கவில்லை. நான் பேசாமல் இருந்தால் எனக்குத் தலைவலி வரும். அதனால் அவளுக்கும் சேர்த்து நானே பேசிக்கொண்டு போனேன்.

என் கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதான். நாங்கள் கொச்சிக்கு வந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். எங்கள் பிள்ளைகள் தமிழில் சண்டை போடுவார்கள், தமிழில் எழுது என்றால் எழுந்து ஓடிவிடுவார்கள். என்னை மட்டாஞ்சேரியிலேயே மசாலாக் கடை வைத்திருப்பவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அக்காவைக் கட்டிய மச்சானும் முதலில் அதே கடைத்தெருவில் ஜாதிக்காய் வாங்கி விற்றவர்தான். ஊரான் தோட்டத்துக் காயையே எத்தனை நாள் விற்பது என்று ஒரு நாள் அவருக்குத் தோன்றிவிட்டது. ஆற்றங்கரையில் நிலம் வாங்கினார், தானே ஒட்டுக்கட்டிக் கன்று வளர்த்தார். எங்கள் சொந்தத்தில் மண்வெட்டி பிடித்த முதல் ஆள் அவர். கல்யாண வீடுகளில் எங்களைப் பெற்ற அத்தா அவரை யாருக்காவது அறிமுகம் செய்தால் தொண்டையைச் செருமிக்கொண்டுதான் "விவசாயி" என்று சொல்வார்.

வெள்ளம் வந்ததற்கு முந்தின வருஷம் மச்சான் ஆஸ்பத்திரியில் மௌத்தாகிவிட்டார். ஒரே மகன் ஷார்ஜாவில் இருக்கிறான். அக்கா தனியாகத்தான் அந்தத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காயைப் பொறுக்கி, கொட்டையைச் சிவப்பாகச் சுற்றியிருக்கும் பத்திரியை உரித்து, வெயிலில் காயப் போட்டு, சாக்கில் கட்டி எங்கள் கடைக்கு அனுப்புவாள். நன்றாகக் காய்ந்த ஜாதிக்காயைக் குலுக்கினால் ஓட்டுக்குள் கொட்டை கலகலவென்று பேசும். அக்காவின் சாக்கை அவிழ்த்து நாங்கள் யாரும் குலுக்கிப் பார்த்ததே இல்லை. அவளுடைய சரக்கு அப்படி.

ஆறு ஏறி வந்த நாட்களில் அவளை இங்கே எங்கள் மாடியறையில் வைத்திருந்தோம். அன்று திரும்பிப் போனபோது வீட்டுக்குள் முழங்கால் வரைக்கும் சேறு. கட்டில் சமையலறையில் கிடந்தது, மிக்ஸி மாமரத்தில் தொங்கியது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்று கேட்டால் தெரியாது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றை வாரி வெளியே எறிந்தேன். திரும்பிப் பார்த்தால் அக்காவைக் காணோம். பஞ்சாயத்து லாரியில் வந்த தண்ணீரைக் குடத்தில் எடுத்துக்கொண்டு போய் ஜாதி மரங்களின் அடிக்கிளைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"யா அல்லா! நமக்குக் குடிக்கத் தண்ணியில்ல, நீ மரத்தைக் குளிப்பாட்டறியாக்கா?" என்று கத்தினேன்.

"இலையில சேறு அப்பிக் கிடந்தா அதுக்கு மூச்சு முட்டும்டி" என்றாள்.

அன்று ராத்திரி மகன் போன் செய்தான். நல்ல பிள்ளைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் தூரத்தில் இருப்பவனுக்கு எல்லாம் சுலபமாகத் தெரியும். ஆற்றோரம் ரிசார்ட் கட்ட இடம் தேடும் ஒருவர் அவனிடம் பேசியிருக்கிறார். விற்றுவிட்டு மட்டாஞ்சேரிக்கே வந்துவிடுங்கள் என்றான். கடைசியில் இரண்டு பேரும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். சர்க்கார் வெள்ள நிவாரணம் கொடுத்தால், அதை வைத்து விழுந்த மரங்களின் இடத்தில் புதுக்கன்று நட்டுத் தோட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம், அக்கா அங்கேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் விற்றுவிட வேண்டியதுதான். மகன் கையை எதிர்பார்த்து நடுவதற்கு அவள் சம்மதிக்கவில்லை. அவளுக்கு அந்த வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வேறு எதையும் அவள் யாரிடமும் கேட்டதில்லை.

கொஞ்ச நாளில் வெள்ளச் சேதத்தைக் கணக்கெடுக்க, கிருஷி ஆபீஸ் என்கிற விவசாய ஆபீஸிலிருந்து ஒரு பெண் வந்தாள். சின்ன வயசு, கால் முழுக்கச் சேறு, கையில் போன், தோளில் பை. காலையிலிருந்து எத்தனை தோட்டம் ஏறி இறங்கினாளோ, முகம் வாடிக் கிடந்தது. அக்கா அவளை உட்காரவைத்து, முதலில் சாயா கொடுத்தாள். பிறகு தோட்டத்தைச் சுற்றிக் காட்டினாள். வேரோடு சாய்ந்து கிடந்த மரங்கள் கொஞ்சம்தான். மற்றவையெல்லாம் கழுத்தளவு சேற்றுக் கறையோடு நின்றுகொண்டிருந்தன. அதற்கு மேலே இலை பச்சைப் பசேல் என்றிருந்தது.

அந்தப் பெண் மலையாளத்தில்தான் பேசினாள், நான் தமிழில் எழுதுகிறேன். இத்தா என்றால் அக்கா, மோளே என்றால் மகளே, அந்த இரண்டை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன். "இத்தா, வெள்ளத்துல இத்தனை நாள் நின்ன ஜாதி பிழைக்கறது கஷ்டம். இப்பப் பச்சையாத் தெரியும், வேர் அழுகியிருக்கும். ரெண்டு மூணு மாசத்துல ஒவ்வொண்ணாப் போகும். பக்கத்துத் தோட்டங்கள்ல எல்லாம் நிக்கற மரத்தையும் சேர்த்துப் போச்சுன்னுதான் சொன்னாங்க. நீங்களும் சொன்னா நான் எழுதிக்கறேன். உங்க வாயால சொல்லணும், அவ்வளவுதான்."

எவ்வளவு நல்ல பெண் பாருங்கள்! பழத்தை உரித்துக் கையில் கொடுக்கிறாள். அக்கா வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே?

அக்கா நின்றிருந்த மரத்தடியிலிருந்து நாலு எட்டு தள்ளி வந்து நின்றுகொண்டாள். மரத்தின் கீழே நின்று அதைப் பற்றிக் கெட்ட வாக்கு சொல்லக்கூடாது என்பது மச்சான் அந்த வீட்டில் ஏற்படுத்தி வைத்த வழக்கம். ஒரு கிளையை வெட்டுவதாக இருந்தாலும் வீட்டுக்குள் வந்துதான் பேசுவார். தள்ளி வந்து நின்ற பிறகு அக்கா சொன்னாள்: "விழுந்தத எழுதிக்கோ மோளே. நிக்கறத எழுத வேண்டாம்."

நான் அவள் இடுப்பில் கிள்ளினேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"இத்தா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. தேதி முடிஞ்சா அப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

"யோசிக்க என்ன இருக்கு? இலை பச்சையா இருக்கு. பச்சையா இருக்கறத போச்சுன்னு என் வாயால சொல்ல மாட்டேன்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். விழுந்ததை மட்டும் எழுதிக்கொண்டு போனாள்.

அவள் படி இறங்கியதும் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "ஊர் முழுக்க எல்லாத்தையும் சொல்லியிருக்காங்க. நீ ஒருத்திதான் அரிச்சந்திரன் வீட்டுப் பேத்தியா? அந்தப் பொண்ணே எழுதட்டுமான்னு கேக்குது, வேண்டாங்கறே! தோட்டம் போனா எங்க போய் நிப்பே?" அக்கா சாயா டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். அவள் சண்டைக்கு வராவிட்டால் எனக்குக் கோபம் இரண்டு மடங்கு ஆகும். அன்று சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டேன். இடப்பள்ளி வருவதற்குள் பசி உயிரை எடுத்தது, இறங்கிப் பழம்பொரி வாங்கித் தின்றேன்.

மழை ஓய்ந்து வெயில் ஏறிய பிறகு ஆரம்பித்தது. முதலில் உச்சியில் சில இலைகள் மஞ்சளாயின. பிறகு கிளை நுனி காய்ந்தது. நான் வாராவாரம் போய்க்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர், இவர் கேலி செய்வார், "உங்க அக்கா வீட்டுக்குத் தனி பஸ் விடச் சொல்லலாம்" என்று. ஒவ்வொரு தடவையும் தோட்டத்தில் வெளிச்சம் கூடிக்கொண்டே வந்தது. ஜாதித் தோட்டம் என்றால் நடுப்பகலிலும் இருட்டாகக் குளுகுளுவென்று இருக்க வேண்டும். அங்கே அப்போது வெயில் தரையில் வந்து விழுந்தது.

"இலை உதிர்ற காலமா இருக்கும்" என்றாள் அக்கா.

ஜாதி மரத்துக்கு இலையுதிர் காலம் ஏது? ஜாதிக்காய் விற்றே பிள்ளைகளைப் படிக்கவைத்தவளிடம் இதைச் சொல்கிறாள்! வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். அவள் ஒரு சாக்கில் காய்ந்த இலைகளைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள். ரொம்ப இளைத்துப் போயிருந்தாள்.

கிருஷி ஆபீஸுக்கு இரண்டு பேருமாகப் போனோம். தேதி எப்போதோ முடிந்துவிட்டிருந்தது. அந்தப் பெண் எங்களை உட்காரச் சொல்லி, "நான் அன்னைக்கே சொன்னேனே இத்தா" என்றாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, வருத்தப்பட்டுத்தான் சொன்னாள். பிந்திச் செத்த மரங்களைப் பற்றி வேறு சிலரும் மனு கொடுத்திருக்கிறார்கள், மேலே அனுப்பியிருக்கிறோம், நீங்களும் கொடுங்கள் என்றாள். கொடுத்துவிட்டு வந்தோம். விழுந்த மரங்களுக்கு வந்த தொகையில் சேற்றை வாரிய கூலி கொடுக்கலாம், கன்று வாங்க முடியாது. மகனும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். ரிசார்ட்காரர் வேறு இடம் பார்க்கத் தொடங்கிவிட்டார், பெருநாளுக்கு வரும்போது பத்திரம் முடித்துவிடலாம் என்றான். அக்கா "சரி" என்று சொன்னதாக அவன் என்னிடம் சொன்னான். அவள் என்னிடம் சொல்லவில்லை.

எனக்கு அவள் மட்டாஞ்சேரிக்கு வந்தால் சந்தோஷம்தான். பொய் சொல்வானேன், மாடியறைக்குப் புது மெத்தைகூட விலை கேட்டு வைத்தேன். ஆனால் வெள்ள நாட்களில் அவள் அந்த அறையில் இருந்த இருப்பு எனக்குத் தெரியும். விடிந்ததும் எழுந்து ஜன்னலைத் திறந்து எதிர் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சாப்பிட்டியா என்றால் சாப்பிட்டேன் என்பாள். அப்படி ஓர் அக்காவை வீட்டில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

பெருநாளுக்குக் கொஞ்சம் முன்னால் கிருஷி ஆபீஸ் பெண்ணிடமிருந்து எனக்குப் போன் வந்தது. பிந்திப் பட்டுப்போன மரங்களை மறுபடி பார்த்து எழுதலாம் என்று உத்தரவு வந்திருக்கிறது. அக்காவுக்குப் போன் செய்தால் "பாக்கலாம் மோளே" என்று வைத்துவிடுகிறாள், அப்புறம் எடுப்பதே இல்லை. நாளை அந்தப் பக்கம் வருகிறேன், நீங்கள் வர முடியுமா என்றாள். வர முடியுமாவா! விடியற்காலை முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டேன்.

என்னைக் கண்டதும் அக்காவுக்குப் புரிந்துவிட்டது. "வேண்டாம்டி" என்றாள்.

"என்ன வேண்டாம்? இந்த ஒரு நாள்தான். இதை விட்டா ரிசார்ட்காரன் வந்து இங்க நீச்சல்குளம் வெட்டுவான். பச்சை இலை இருந்தாச் சொல்ல மாட்டேன்னே. இப்பத்தான் பச்சையே இல்லையே, சொன்னா என்ன?"

"தெரியுது. எனக்குக் கண்ணு இருக்கு."

"அப்புறம் என்ன கேடு?"

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. "வர மாட்டேங்குதுடி. சொல்லணும்னுதான் நினைக்கறேன், தொண்டைய விட்டு வர மாட்டேங்குது."

என் அக்காவை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. மச்சான் போன அன்றுகூட வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாளாம். கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டு, "நீ உள்ள போய் சாயா போடு. நான் சொல்லிக்கறேன். உனக்கு எதுக்கு அந்த வேலை? அதுக்குத்தானே அல்லா எனக்கு இத்தாம் பெரிய வாயக் கொடுத்திருக்கான்" என்றேன்.

வந்த பெண்ணிடம் கேட்டேன். யார் காட்டினாலும் சரி, அக்கா ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றாள். ஒவ்வொரு மரத்தின் பக்கத்திலும் ஆள் நிற்கிற மாதிரி போட்டோ எடுக்க வேண்டுமாம். நான் போய் நின்றேன்.

"இது?"

"போச்சு."

"இத்தா, சிரிக்காதீங்க."

போட்டோ என்றால் எனக்குப் பல் தானாக வெளியே வரும், என்ன செய்ய? வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அடுத்த மரம், போச்சு. அதற்கடுத்தது, போச்சு. முதல் வரிசையில் கடகடவென்று சொல்லிக்கொண்டு போனேன், கடையில் சாக்குக் கணக்குச் சொல்வதுபோல. இரண்டாம் வரிசையில் ஒரு மரத்தில் மச்சான் ஒட்டுக்கட்டிய இடம் முண்டாகத் தெரிந்தது. அது கன்றாக இருந்தபோது ஆடு கடித்துவிட்டது என்று அவர் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்ததும், நாங்களெல்லாம் சிரித்ததும் ஞாபகம் வந்தது. "போச்சு" என்றேன். அந்தப் பெண் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துவிட்டு, "மெதுவாப் போவோம் இத்தா, அவசரமில்ல" என்றாள். அதன் பிறகு என் குரல் இறங்கிக்கொண்டே போனது.

கடைசியில் கிணற்றடி மரம். மொட்டையாக நின்றது. ஆனால் கிணற்றுப் பக்கம் நீட்டிய ஒரு சின்னக் கிளையில் நாலைந்து இலை இன்னும் பச்சையாக இருந்தது. அந்தப் பெண்ணும் பார்த்தாள், நானும் பார்த்தேன். பட்டையைச் சுரண்டிப் பார்த்து அவள் தலையை ஆட்டினாள். அடியில் உள்ளே எல்லாம் கறுத்துவிட்டிருந்தது. அந்த இலை இன்னும் ஒரு வாரம் தாங்கும். எனக்கு வாய் எழவில்லை. மட்டாஞ்சேரி கடைத்தெரு முழுக்கக் கேட்கும்படி விலை பேசுகிற எனக்கு! சமையலறை ஜன்னலைப் பார்த்தேன். அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பருகே நின்றிருந்தாள். பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது, அவள் அடுப்பை அணைக்கவில்லை.

"இதுவும் போச்சு மோளே. எழுதிக்கோ" என்றேன்.

தொகை வருவதற்குள் இன்னொரு மழைக்காலம் வந்துவிட்டது. வரும் என்ற நம்பிக்கையில் பத்திரத்தைத் தள்ளிப்போடச் சொல்லி மகனிடம் நான் போட்ட சண்டையை எழுதினால் இந்தத் தாள் பற்றாது. இழந்த மரத்துக்கெல்லாம் ஈடாகுமா, ஆகாது. ஆனால் கன்று வாங்கிக் குழி வெட்டப் போதும். போனில் செய்தி வந்த மறுநாள் அக்கா எறணாகுளத்திலிருந்து படகில் ஏறி மட்டாஞ்சேரிக்கு வந்தாள். கடைக்குள் சாக்குகளுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்தாள். இவர் பள்ளிக்குத் தொழப் போயிருந்தார். மகனிடம் பேசிவிட்டதாகச் சொன்னாள். "நட்டுக்கோங்கம்மா, இனி விக்கற பேச்சே வேண்டாம்னுட்டான்" என்றாள். கேட்டதும் எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. எதிர்க் கடைக்கு இரண்டு சாயா, இரண்டு பருப்புவடை என்று குரல் கொடுத்தேன்.

அவள் வடையைப் பிட்டுக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். "மச்சான் ஆஸ்பத்திரில கிடந்தப்போ, மெஷின்லதான் மூச்சு ஓடுது, இனி பிரயோஜனமில்லன்னு டாக்டர் சொன்னாரு. எடுத்துடலாமான்னு என்னக் கேட்டாரு. மகன் வந்து சேரல. நீ ஆபரேஷன் பண்ணிப் படுத்திருந்தே. நான் அவரு கையப் பிடிச்சிட்டு நின்னேன். கை சூடாத்தான் இருந்துச்சுடி. சரி, எடுத்துடுங்கன்னு நான்தான் சொன்னேன்."

எனக்குத் தெரியாது. சாயங்காலம் அடங்கிவிட்டார் என்றுதான் எங்கள் எல்லோருக்கும் சொல்லியிருந்தார்கள். அத்தனை நாளும் இதை ஒருத்தியாகச் சுமந்துகொண்டு, சேறு வாரி, மரம் கழுவி, என் ஏச்சையும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். என் தங்கமே என்று கட்டிப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. கடையில் ஆள் நடமாட்டம் இருந்ததால் அவள் முழங்கால்மேல் கையை வைத்தேன்.

"டாக்டர் சொன்னதத்தானே நீ சொன்னே. நீ வேற என்ன செய்ய முடியும்க்கா?"

"அது எனக்குத் தெரியும். தெரிஞ்சு என்ன?" என்றாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கிணத்தடி மரத்துல இலை இருந்துச்சே. அதச் சொல்றப்போ உனக்கு எப்படி இருந்துச்சு?"

நான் யோசித்துப் பார்த்தேன். அவளிடம் சமாளிக்க மனசு வரவில்லை. "நாக்கெல்லாம் கசந்துச்சுக்கா" என்றேன்.

"எனக்கு இன்னும் கசக்குதுடி" என்றாள் அக்கா.

சாயா ஆறிப் போனது. எடை போட வந்தவர் இரண்டு தடவை கூப்பிட்டார், கொஞ்சம் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.